முதல் கட்டத்துப் பிள்ளையார் சுழி

தம்பி, மூடிறாதீங்க, மூடிறாதீங்க. நான் ஒண்ணும் எட்டிப் பாக்கல. கட்டம் கட்டமாத் தெரிஞ்சுச்சு, கண்ணு தானாப் போயிருச்சு. எக்செல்தான? பதினாறு வருசம் அதுலதான் குப்பை கொட்டினேன். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வர்றேன். முதுகுளத்தூர்ல ஏறினதுல இருந்து யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு நெஞ்சுக்குள்ள முட்டிக்கிட்டு நிக்குது. மதுரை வர இன்னும் ரெண்டரை மணி நேரம் ஆகும்ல.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த ஷீட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கீங்களா? இல்லையா. அதான பாத்தேன். எவனாவது உள்ள புகுந்து ஒரு கட்டத்த மாத்திட்டுப் போனா அப்பத் தெரியும் அருமை. என்னைக் கேட்டா, உலகத்துல பாதி சண்டை திறந்து கெடக்குற ஷீட்டாலதான் வருது. மீதிப் பாதி பூட்டின ஷீட்டாலங்கிறாங்க. அதைச் சொல்லத்தான் வாயத் திறந்தேன்.

நான் தவமணி. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லு, பேரு வேணாம். அங்க டைம் ஆபீஸ் கிளார்க்கு. யாரு எந்த ஷிப்டு, யாரு லீவு, யாரு வெளிய போறாங்க, எல்லாம் டைம் ஆபீஸ் கையில. மில்லுக்குள்ளயே ஹாஸ்டல். இருநூத்திப் பத்துப் பொண்ணுக, எங்கெங்கயோ இருந்து வந்து தங்கி வேலை பாக்குதுக. கேட்டைத் தாண்டி ஒரு அடி வைக்கணும்னாலும் அவுட் பாஸ் வேணும்.

முன்னாடியெல்லாம் கைச்சீட்டுதான். ஒரு துண்டுப் பேப்பர், ஒரு கையெழுத்து, போயிட்டே இருப்பாங்க. நாலு வருசத்துக்கு முன்னாடி ரெண்டு பொண்ணுக வார்டன் கையெழுத்த அதுகளே போட்டுக்கிட்டு திண்டுக்கல்லுக்குப் படம் பாக்கப் போயிருச்சுக. படம் பாத்தது அதுக. மெமோ வாங்கினது நான். ஜி.எம். எல்லார் முன்னாடியும், “நீ என்னய்யா டைம் ஆபீஸ் பாக்குற, டிக்கெட்டா கிழிக்கிற?”ன்னு கேட்டாரு. அந்தச் சொல்லு இன்னும் இங்கதான் நிக்குது தம்பி. இங்க.

அப்புறந்தான் நான் மேக்ரோ படிச்சேன். எக்செல்லுக்கு நாமளே எழுதுற கட்டளை, உங்களுக்குத் தெரியும். ஒரு கோர்ஸ் போகல, ஒருத்தன் சொல்லிக் குடுக்கல. அவுட் பாஸ் ஷீட்டு ஒண்ணு செஞ்சேன் பாருங்க. பொண்ணு பேரு, பக்கத்துல காரணத்தத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல், ரெண்டு டிக் பெட்டி, ஒண்ணு வார்டனுக்கு, ஒண்ணு டைம் ஆபீஸுக்கு. ரெண்டு டிக்கும் விழுந்தாத்தான் பிரிண்ட் பட்டன் வேலை செய்யும். கம்ப்யூட்டர் சீட்டு வரும். கேட்டுல அதைக் காட்டினாத்தான் வெளிய.

நல்லாத்தான் போச்சு. அப்புறம் பாத்தா, ஆறு மணிக்குத் திரும்ப வேண்டிய பொண்ணு எட்டு மணிக்கு வந்தா, வார்டனம்மா போயி ஆறை எட்டாக்கி வெச்சிருது. பாவமாம். சரி, பூட்டுறேன்டான்னு உக்காந்தேன். கட்டத்தப் பூட்டுறது எல்லாருக்கும் தெரியும். ஆனா கட்டத்துக்கு மேல மிதக்குது பாருங்க, டிக் பெட்டி, பட்டியல், பட்டன், அதுக நாம போட்ட பூட்டை மதிக்காது. ஷீட்டு பூட்டியிருக்கும், டிக் பெட்டி பாட்டுக்கு டிக் வாங்கும். கதவப் பூட்டிட்டு ஜன்னலத் திறந்து வெச்ச மாதிரி. அதுக்கு ஒவ்வொண்ணையும் கட்டளை மூலமாப் பிடிச்சு, நீ செத்தன்னு தனித்தனியாச் சொல்லணும். ரெண்டு மாசம் ஆச்சு எனக்கு. கடைசியில ஒருநாள் எல்லாம் ஒரே நேரத்துல சாம்பல் நிறமா மங்கிச்சு தம்பி. பட்டியல் இழுத்தா வராது. டிக் அமுக்கினா விழாது. பட்டன் தட்டினா தட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். பாக்கலாம், தொட முடியாது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

பூட்டுறதுக்கு நான் வெச்ச சூட்சுமம் என்ன தெரியுமா? மொதக் கட்டம். ஏ ஒண்ணு. அது காலியா இருந்தா ஷீட்டு திறந்திருக்கும். அதுல ஏதாச்சும் ஒரு எழுத்து, ஒரு புள்ளி இருந்தாப் போதும், சேமிச்ச மாத்திரத்துல மேக்ரோ மொத்தத்தையும் பூட்டிரும். சாயங்காலம் கிளம்புறப்ப நான் அதுல ஒரு புள்ளி வெச்சுட்டுப் போவேன். மறுநாள் காலையில அந்த நாளுக்குன்னு ஒரே ஒரு புது ஷீட்டு தானா வரும். அந்தக் கட்டத்துக்கு எழுத்து நிறம் வெள்ளை. வெள்ளையில வெள்ளை, யார் கண்ணுக்கும் தெரியாது. திறக்க பாஸ்வேர்டு. அது எனக்கு மட்டும். என்னன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

ஜி.எம். கூட்டத்துல வெச்சுச் சொன்னாரு, “தவமணி பூட்டினா பிரம்மாவே வந்தாலும் திறக்க முடியாது”ன்னு. கை தட்டினாங்க. அன்னைக்கே நான் ஒரு போர்டு அடிச்சு, லேமினேட் பண்ணி, கேட்டுல மாட்டினேன். கைச்சீட்டு செல்லாது, கம்ப்யூட்டர் சீட்டு மட்டுமே. வாசகம் என்னோடது.

சரி. இப்ப நாகஜோதிக்கு வர்றேன். எம்.பி.ஏ. படிச்ச பொண்ணு, இருபத்தாறு வயசு. என்கிட்ட வேலை கத்துக்கத்தான் வந்துச்சு. கெட்ட பொண்ணுன்னு சொல்ல மாட்டேன். “அண்ணே, அண்ணே”ன்னு வாய் நிறையக் கூப்பிடும், வீட்டுல இருந்து எலுமிச்சை சாதம் கொண்டாந்து பாதியை எனக்கு வெச்சிரும். எல்லாம் சொல்லிக் குடுத்தேன். ஏ ஒண்ணு மட்டும் சொல்லல. பாஸ்வேர்டு சொல்லல. எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டு நாம என்ன வாசல்ல வாட்ச்மேனாவா உக்கார்றது?

எட்டே மாசம். ஒரு திங்கக்கிழமை நோட்டீஸ் போர்டுல ஒட்டுறாங்க, டைம் ஆபீஸ் இன்சார்ஜ் நாகஜோதின்னு. பதினாறு வருசம் நான். எட்டு மாசம் அது. இனிமே மேடம்னு கூப்பிடணுமாம். அது வந்து, “அண்ணே, நான் கேக்கலண்ணே, அவங்களாப் போட்டாங்க”ன்னு சொல்லுச்சு. மூணு நாள் லீவு எழுதிக் குடுத்தேன், காய்ச்சல்னு. காய்ச்சல்தான். மனசுக்கு வந்தா அது காய்ச்சல் இல்லையா?

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நாகஜோதிக்கு மொத நாள் பொறுப்பு. குளிச்சு, பூ வெச்சு, ஊதுவத்தி கொளுத்தி, அன்னைக்குப் புது ஷீட்டைத் திறந்திருக்கு. திறந்து என்ன பண்ணுச்சு தெரியுமா? மொதக் கட்டத்துல பிள்ளையார் சுழி போட்டிருக்கு! உ! கம்ப்யூட்டர்ல! எம்.பி.ஏ.! போட்டா, வெள்ளை எழுத்துல்ல, தெரியல. ரெண்டாவது தடவை போட்டிருக்கு. அப்பவும் தெரியல. சரி, கண்ணுக்குத் தெரியலேன்னா என்ன, பிள்ளையார் இருப்பாருன்னு சேமிச்சிருச்சு. பிள்ளையார் இருந்தாரு தம்பி. நல்லாவே இருந்தாரு. மொத்த ஷீட்டும் சாம்பலாயிருச்சு.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சதுங்கிறது இதுதான். சிரிப்பா வருதுல்ல? நானும் கேட்டப்ப சிரிச்சேன். மொதல்ல சிரிச்சேன்.

அன்னைக்குப் பத்து மணிக்கு ஹாஸ்டலுக்கு ஒரு ஃபோனு. பாண்டிமீனான்னு ஒரு பொண்ணு, கோன் வைண்டிங்ல, நூல் சுத்துற எடத்துல இருக்கு, முதுகுளத்தூர்ப் பக்கம் ஊரு. அது அப்பா மூட்டம் போடுறவரு, கரிமூட்டம், கட்டைய மூடி எரிச்சுக் கரி எடுக்குறது. மூட்டத்துப் பக்கத்துலயே மயங்கி விழுந்துட்டாரு. டாக்டரு வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னு சொல்லிட்டாரு. மகளை வரச் சொல்லுங்க, மகளை வரச் சொல்லுங்கன்னு அவரு கேக்குறாரு. வார்டனம்மா ஓடி வந்து சொல்லுது, அந்தப் பொண்ணு பையத் தூக்கிக்கிட்டு டைம் ஆபீஸ் வாசல்ல நிக்குது. நாகஜோதி அமுக்குது, அமுக்குது, டிக் விழல. பட்டன் வேலை செய்யல. கம்ப்யூட்டர அணைச்சுப் போட்டுப் பாத்திருக்கு. பூட்டு அணைச்சாப் போயிருமா?

கையில எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கு. கேட்டுல செக்யூரிட்டி என் போர்டைக் காட்டியிருக்காரு. நாகஜோதி அவரோட சண்டை போட்டிருக்கு, அழுதிருக்கு. “மேடம், போன தடவை இப்படி விட்டவன் வேலை போச்சு, நான் பிள்ளைகுட்டிக்காரன்”னு அவரு சொல்லியிருக்காரு. ஜி.எம். கோயம்புத்தூர்ல மீட்டிங், ஃபோன் சைலண்ட்டு. அவரு எடுத்துப் பேசி, கேட்டைத் திறந்து விடுன்னு சொல்றப்ப ரெண்டரை ஆயிருச்சு.

என்னைக் கூப்பிட்டாங்களான்னுதானே பாக்குறீங்க? கூப்பிட்டாங்க. என் ஃபோன்ல சார்ஜ் இல்ல. அணைஞ்சு கெடந்துச்சு. விசாரணையிலயும் அதைத்தான் சொன்னேன். காய்ச்சல்ல கெடக்குறவன் ஃபோனுக்குச் சார்ஜ் போட்டுக்கிட்டா இருப்பான்?

விசாரணை வெச்சாங்க. ஷீட்டைப் பூட்டினது யாரு? தவமணி. பாஸ்வேர்ட சொல்லாதது யாரு? தவமணி. போர்டு மாட்டினது யாரு? தவமணி. ஏ ஒண்ணுல எழுதினது யாருன்னு ஒருத்தன் கேக்கணுமே! பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம். அந்தப் பொண்ணு நாகஜோதி எந்திரிச்சு, “சுழி போட்டது என் தப்புதான் சார், தவமணி அண்ணன் இருந்திருந்தா அஞ்சு நிமிசத்துல திறந்திருப்பாரு”ன்னு சொல்லுச்சு. எனக்குப் பரிஞ்சு பேசுறதா நெனப்பு. அஞ்சு நிமிசம்னு அது சொன்னதுதான் என் கழுத்தை அறுத்துச்சு. சஸ்பெண்டு.

பத்தொம்போது நாளாச்சு. வீட்டுக்காரி பேசுறதில்ல. சோறு வெப்பா, பேச மாட்டா. ஜி.எம்.மைப் போயிப் பாத்தேன். “யூனியன்காரங்க பேசுறாங்கய்யா. அந்தப் புள்ளை வீட்டுல எங்களுக்குப் புகார் இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வா. திரும்ப எடுத்துக்கிறேன்”னாரு. அதுக்குத்தான் இன்னைக்கு இம்புட்டு தூரம்.

சும்மா போவேனா நான்? எல்லாம் தயார் பண்ணிக்கிட்டுத்தான் போனேன். கடிதம் டைப் அடிச்சேன். அதுல ரெண்டு பெட்டி, ‘புகார் உண்டு’, ‘புகார் இல்லை’. ‘இல்லை’யில நானே டிக் போட்டு பிரிண்ட் எடுத்துட்டேன். அவங்களுக்கு எதுக்குச் சிரமம், கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்ல. கூடவே ஒரு ஷீட்டு. பஸ் நேரம். வேடசந்தூர்ல பத்தேகாலுக்கு ஏறினா, திண்டுக்கல்லு, ஆரப்பாளையம், அங்க இருந்து டவுன் பஸ்ஸப் பிடிச்சு மாட்டுத்தாவணி, பரமக்குடி, முதுகுளத்தூர், வீடு. எல்லாம் கூட்டினா, போய்ச் சேர சாயங்காலம் நாலு இருபது. செக்யூரிட்டி நோட்டுல எழுதியிருக்கு, மூணரைக்கு ஃபோன், அப்பா தவறிட்டாருன்னு. கழிச்சுப் பாருங்க. பத்து மணிக்கே பாஸ் குடுத்திருந்தாலும் அம்பது நிமிசம் பிந்தித்தான் போயிருக்கும். அப்ப என் பூட்டால என்ன நட்டம்? கடைசிக் கட்டத்துல சிவப்புல வெச்சிருந்தேன், கழித்தல் அம்பது நிமிடம்னு. பாத்தா அவங்களுக்கும் மனசு ஆறும்ல. நம்மாலதான் பாக்க முடியாமப் போச்சுன்னு கெடந்து தவிக்க வேணாம்ல. அதுக்காகச் செஞ்சதுதான்.

இது என்ன ஊரு, பார்த்திபனூரா? நிக்கும். டீ வேணுமா? வேணாமா. சரி.

ஓட்டு வீடு. சுவத்துல அவரு படம், மாலை போட்டு. அந்தப் பொண்ணு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. “வாங்கண்ணே”ன்னுச்சு. அந்த வார்த்தைய நான் எதிர்பாக்கல. அம்மா ஓரமா உக்காந்திருந்துச்சு. நான் கடிதத்த எடுத்து நீட்டினேன். பொண்ணு வாங்கி மேல இருந்து வாசிச்சுச்சு. வாசிச்சுட்டு உச்சியில விரல வெச்சு, “நீங்களும் போட்டிருக்கீங்களேண்ணே”ன்னுச்சு.

பாத்தா, உ. டைப் அடிக்கிறப்ப கை தானாப் போட்டிருக்கு தம்பி. சத்தியமா எனக்குத் தெரியாது. அதுவும் துக்க வீட்டுக்குக் கொண்டு போற கடுதாசியில. எவனாச்சும் போடுவானா? நான் போட்டிருக்கேன்.

அதை மறைக்கத்தான் பஸ் ஷீட்டை எடுத்து நீட்டினேன். வரி வரியா விளக்கினேன். இங்க இத்தனை மணி, அங்க இத்தனை மணி. கடைசிக் கட்டம் வந்ததும் அம்மாதான் பேசுச்சு. “மூணரைக்கா? மூணரைக்கு நாந்தேன்யா பேசினேன், வாட்ச்மேன்கிட்ட. எம்மக பொறப்பட்டுட்டாளான்னு கேட்டு அழுதேன். அவரு அப்ப எந்திரிச்சு உக்காந்து அரை டம்ளர் கஞ்சி குடிச்சிருந்தாரு. எந்த பஸ்ஸுல வர்றா, எந்த பஸ்ஸுல வர்றான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு. உசிரு போனது விளக்கு வெச்சதுக்கு அப்புறம்.”

அழுகைய மட்டும் கேட்டுட்டு செக்யூரிட்டி தவறிட்டாருன்னு எழுதி வெச்சிருக்காரு. பிரிண்ட் எடுத்த பேப்பரு கையில இருக்கு. மூணரைன்னு போட்டிருக்கு.

பொண்ணு அழுகல. கடிதத்துல கையெழுத்துப் போட நான் குடுத்த பேனாவ எடுத்து, பஸ் ஷீட்டுல மூணரைய அடிச்சுட்டு, ஆறு நாப்பதுன்னு எழுதுச்சு. பேப்பர்ல ஏது பூட்டு? எழுதிட்டு, தலைய நிமிராமக் கேட்டுச்சு. “ஏண்ணே, கடைசியா செக்யூரிட்டி ஃபோன்ல இருந்து உங்களுக்கு நாந்தேன் அடிச்சேன். முழு ரிங்கும் போச்சு. ரெண்டு தடவை அடிச்சேன். விசாரணையில அணைஞ்சு கெடந்துச்சுன்னு சொன்னீங்களாமே, அணைஞ்ச ஃபோன்ல ரிங் போகுமாண்ணே?”

போகாது தம்பி. போகாது. உங்களுக்கும் தெரியும்.

ஃபோன் அணையல. டேபிள் மேல கெடந்து அதிர்ந்துக்கிட்டே நகர்ந்துச்சு, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். டைம் ஆபீஸ் நம்பர் நாலு தடவை. மேடம் ஆகத் தெரியுதுல்ல, திறக்கத் தெரியலையாக்கும், நல்லா அலையட்டும்னு உக்காந்திருந்தேன். சந்தோசமா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் ஒரு தெரியாத நம்பர். ரெண்டு தடவை. அதையும் எடுக்கல. அதுக்கப்புறந்தான் அணைச்சேன். யாரோ எதுக்கோ தேடுறாங்கன்னு மட்டுந்தான் நெனச்சேன். ஒரு பொண்ணு பையோட நிக்கிறது எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க, எப்படித் தெரியும்?

இதை அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லல. அது பாட்டுக்குக் கடிதத்த எடுத்துக் கையெழுத்துப் போட்டு, மடிச்சு, கையில குடுத்துருச்சு. “வேலை போயிறாமப் பாத்துக்கங்கண்ணே, வீட்டுல பிள்ளைக இருக்கும்ல”ன்னுச்சு. வையலாம்ல? நாலு வார்த்தை வைஞ்சிருந்தா வாங்கிக்கிட்டு வந்திருப்பேன். துக்க வீட்டுல சொல்லிக்கிட்டுக் கிளம்பக் கூடாதுன்னு ஒரு வழக்கம் இருக்கு பாருங்க, அது எனக்கு வசதியாப் போச்சு. அப்படியே எந்திரிச்சு வந்துட்டேன்.

கடிதம் பையில இருக்கு. நாளைக்குக் குடுத்தா நாளைக்கே வேலை. பூட்டுல தப்பு இல்ல தம்பி, இப்பவும் சொல்றேன். நீங்க வேணா சோதிச்சுப் பாருங்க, ஒருத்தனாலயும் உடைக்க முடியாது.

உங்க கம்ப்யூட்டர் திறந்துதான இருக்கு. ஒரு கட்டத்துல ஆறு நாப்பது போடுங்க. அதுல நாலு இருபதைக் கழிங்க. வேணாம், விடுங்க. ஏறினதுல இருந்து நூறு தடவை கழிச்சுட்டேன். ரெண்டு மணி இருபது நிமிசம். கஞ்சி குடிச்சுக்கிட்டு, பேசிக்கிட்டு, ரெண்டு மணி இருபது நிமிசம் அந்த மனுசன் மகளோட இருந்திருப்பாரு.

பாஸ்வேர்டு என்னன்னு சொல்ல மாட்டேன்னேன்ல? இனி என்ன. எங்கப்பா பேரு. வேற ஒண்ணும் இல்ல, எங்கப்பா பேருதான். ஃபோனை எடுத்து அதைச் சொல்ல எனக்கு அஞ்சு செகண்டு ஆகியிருக்காது.